கடைசி நடையை நிறுத்தினால் மிச்சமாவது எவ்வளவு?

வாசகர் கேள்வி, கண்டக்டர் பதில்

போன இதழில், அரசு பஸ்ஸுக்குக் கொடுக்கிற பணத்தில் கை வைக்கக் கூடாது என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. கோபமாக எழுதியவர்களும் உண்டு. 1988-ல் கண்டக்டராகச் சேர்ந்து 2019-ல், வண்டி வந்து போகும் நேரத்தைப் பதிகிற டைம் கீப்பராக ஓய்வு பெற்றவன் நான். அந்த முப்பத்தொரு வருடத்தில் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். கடை மூடி வெளியே வர மணி ஒன்பது ஆகிறது. 9.10-க்கு எங்கள் ஊருக்கு இருந்த கடைசி பஸ் மூன்று மாதமாக வருவதில்லை. கேட்டால் ‘கலெக்‌ஷன் இல்லை, அதனால் கட்’ என்கிறார்கள். பத்துப் பேர்தான் ஏறுவோம் என்பது உண்மைதான். அப்படியென்றால் நாங்கள் கேட்பது நியாயம் இல்லையா?
– வாசகி, டெல்டா மாவட்டம்

நியாயம்தான் அம்மா. பத்துப் பேர்தான் ஏறுகிறோம் என்று நீங்களே தலை குனிய வேண்டியதில்லை. என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2013-ம் வருடம். அந்த ஜனவரியில்தான் மொத்தமாக டீசல் வாங்குபவர்களுக்கு மத்திய அரசு விலையை லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஏற்றியது. பணிமனைக்குள்ளேயே பம்ப் இருந்தும், வெளியே இருந்த பங்க்குக்கு பஸ்ஸை ஓட்டிப் போய் சில்லறை விலைக்கு டீசல் போட்டோம். எங்கே பார்த்தாலும் சிக்கனம் என்ற பேச்சு. அப்போது நான் டவுனிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு கிராமத்து வண்டியில் இருந்தேன். ராத்திரி கடைசி சிங்கிளில் பதினோரு டிக்கெட், பன்னிரண்டு டிக்கெட். வண்டி ஒரு பக்கமாக ஒரு தரம் ஓடுவதை அலுவலகத்தில் ‘நடை’ என்பார்கள், நாங்கள் ‘சிங்கிள்’ என்போம். ஒரு நாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி, டிக்கெட் கணக்கு எழுதும் வே பில்லைப் பார்த்தார். “லோடே இல்லையேப்பா” என்றார். அடுத்த மாதம் அந்த சிங்கிள் கட்.

அந்தப் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் உங்களைப் போலக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள். காலையில் 8.20 வண்டியில் வருவார்கள். அந்த வண்டி நிரம்பி வழியும், படியில் நிற்பார்கள். ராத்திரி திரும்ப வண்டி இல்லை என்றானதும் என்ன ஆனது? முதல் இரண்டு வாரம் ஷேர் ஆட்டோவுக்குச் சேர்ந்து காசு போட்டார்கள். அப்புறம் நாலு பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண்ணின் அண்ணன் கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் எடுத்தார். ராத்திரி தங்கையை ஏற்றி வரத்தான் எடுத்தார். ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த பிறகு காலையிலும் அதில்தானே வருவார்கள்? அவரோடு பக்கத்து வீட்டுப் பையனும் ஏறிக்கொண்டான். ஆறு மாதத்தில் என் 8.20 வண்டியில் படியில் யாரும் நிற்கவில்லை. அடுத்த தீபாவளிக்குள் சாயங்கால வண்டியிலும் ஆள் குறைந்தது. அதே வே பில், அதே வார்த்தை: லோடு இல்லை. சாயங்கால சிங்கிளும் போனது.

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது ஒன்று உண்டு. பயணிகள் குறைவு என்று எழுதிய அறிக்கைக்குக் கீழே கண்டக்டர் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட்டேன். எழுதியது பொய் இல்லை. ஆனால் ஏன் குறைந்தார்கள் என்று எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது. வேலையை விட்ட பெண் ஒருத்தி ஆறேழு மாதம் கழித்துக் கோயில் வாசலில் என்னைப் பார்த்து, “அண்ணே, அந்த பஸ் இருந்திருந்தா நானும் இந்நேரம் கல்லாவுல உக்காந்திருப்பேன்” என்றது. மேனேஜ்மென்ட் கணக்கில் அந்த நடையை நிறுத்தியது மிச்சம் என்று பதிவாகியிருக்கும். அந்தப் பெண்ணின் சம்பளம் போனது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஆகவே அம்மா, நீங்கள் கேட்பது பத்துப் பேருக்கான ராத்திரி பஸ் மட்டும் இல்லை. உங்கள் ஊரின் காலை பஸ்ஸும் அதில் அடக்கம். மூன்று மாதம்தான் ஆகிறது, இன்னும் கெட்டுப் போகவில்லை. பழக்கம் மாறுவதற்குள் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று கடைசிக் கடிதத்துக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

2021-ல் வந்த வெள்ளை அறிக்கையிலேயே அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்று போட்டிருந்தார்கள். ஓடாமல் நின்றால் அவ்வளவும் லாபம்தானே? வரி கட்டுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன்.
– வாசகர், ஈரோடு

அந்தத் தொகை எனக்கும் மனப்பாடம் ஐயா. 2021 ஆகஸ்ட்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட அறிக்கை. அது எந்தச் சமயத்தில் வந்தது என்று பாருங்கள். கொரோனா ஊரடங்கில் வண்டிகள் மாதக்கணக்கில் பணிமனையில் நின்றிருந்தன. வண்டி நின்றாலும் சம்பளம் நிற்கவில்லை, வட்டி நிற்கவில்லை. செலவு அப்படியே இருக்க, ஓடிய கிலோமீட்டர் குறைந்தால் ஒரு கிலோமீட்டரின் தலையில் விழும் நஷ்டம் ஏறத்தானே செய்யும்?

நீங்கள் வரவு செலவு பார்க்கிறவர் போலத் தெரிகிறது. என் கணக்கையும் பாருங்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு நம் வண்டி சுமார் ஐந்தரை கிலோமீட்டர் ஓடும். லிட்டர் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 17 ரூபாய். டயர், ஆயில் தேய்மானம் சேர்த்து இருபது என்றே வையுங்கள். இருபத்திரண்டு கிலோமீட்டர் நடை ஒன்றை நிறுத்தினால் உண்மையில் கையில் நிற்பது 440 ரூபாய். ஓவர்டைம் இருந்தால் அதுவும் கொஞ்சம் மிஞ்சும். டிரைவரும் கண்டக்டரும் அன்றைக்கு டியூட்டியில்தான் இருக்கிறார்கள், பஸ் வாங்கிய கடனும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நடையில் 700 ரூபாய் வசூல் ஆகிக்கொண்டிருந்தால், நிறுத்தியதால் 260 ரூபாய் கூடுதல் நஷ்டம்.

59 ரூபாய் 15 காசு என்பது மொத்த நஷ்டத்தை மொத்தக் கிலோமீட்டரால் வகுத்து வந்த சராசரி. ஒரு கிலோமீட்டரைக் குறைத்தால் அந்த 59 ரூபாய் மிஞ்சாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் பட்ஜெட் நேரத்தில் நடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைக்கக் குறைக்க, அடுத்த வருடம் அந்தச் சராசரி இன்னும் பெரிதாகத் தெரியும். அதைக் காட்டி மறுபடியும் குறைப்பார்கள்.

கட்டணத்தை ஏற்றினால் போதுமே என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். 2018 ஜனவரியில் முதலில் எட்டு நாள் ஸ்டிரைக். அது முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, 20-ம் தேதி காலையில் கட்டணம் ஏறியது. சாதாரண டவுன் பஸ்ஸில் மூன்று ரூபாய் டிக்கெட் ஐந்து ரூபாய். காலேஜ் பிள்ளைகள் தெருவுக்கு வந்த பிறகு மாதக் கடைசியில் அரசு சற்றுக் குறைத்தது. டைம் கீப்பர் மேசையில் உட்கார்ந்து அந்த வாரம் முழுக்க வே பில்களைப் பார்த்தேன். ரயில் ஓடும் ஊர்ப் பக்கத்து வண்டிகளில் ஆள் மளமளவென்று குறைந்திருந்தது. நூறு நாள் வேலைக்குப் போகிறவரிடமும் சித்தாளிடமும் பிடுங்கி டீசல் போடலாம் என்பதை நான் ஒருக்காலும் ஒப்ப மாட்டேன்.

அதே ரூட்டில் தனியார் பஸ் லாபத்தில் ஓடுகிறதே?
– வாசகர், கும்பகோணம்

ஓடுகிறது. ஆள் இருக்கிற ரூட், ஆள் இருக்கிற நேரம். மழையில் கரைந்த ரோட்டில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பால்கேனை ஏற்றிக்கொண்டு வருவது யார்? பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இலவச பாஸைப் பார்த்துத் தலையாட்டுவது யார்? 1971-ல் சட்டம் போட்டு, ஐம்பதும் அதற்கு மேலும் பஸ் வைத்திருந்த பெரிய கம்பெனிகளை அரசு எடுத்ததும், 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்ததும் இதற்காகத்தான். நல்ல வசூல் ரூட்டின் காசு, வசூல் இல்லாத கிராமத்து வண்டியைத் தாங்கும் என்பது ஏற்பாடு. நல்ல ரூட்டில் தனியாருக்குப் பங்கு கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவனிடம் லாபம் எங்கே என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

பெண்களுக்கு இலவசப் பயணம் என்று கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். முதலில் அதை நிறுத்தினால் மற்றவற்றைக் குறைக்க வேண்டியிருக்காது என்பது என் கருத்து.
– வாசகர், சென்னை

2021 மே மாதம் ஆட்சி மாறிய அன்றே, முதல்வராகப் பொறுப்பேற்ற ஸ்டாலின் கையெழுத்துப் போட்ட திட்டம். 2024-25 பட்ஜெட்டில் 3,050 கோடி, 2025-26-ல் 3,600 கோடி ரூபாய். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அது பஸ்ஸுக்குப் போடும் பிச்சை இல்லை ஐயா. அரசு ஒரு பயணத்தை வாங்கி, அதற்கான டிக்கெட் பணத்தைக் கழகத்துக்குக் கட்டுகிறது. மாநிலத் திட்டக் குழு விசாரித்தபோது ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிஞ்சுகிறது என்று தெரிந்தது. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவின் கையில் 888 ரூபாய் என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் வேலை செய்பவரைக் கேளுங்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த திட்டம் இது. பயணியாகத்தான் பார்க்கிறேன். என் காலத்தில் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து காசு மிச்சம் பிடித்த அம்மாக்கள் இன்று கடைசி ஸ்டாப் வரை உட்கார்ந்து வருகிறார்கள்.

இதில் எனக்கு இருக்கும் பயம் வேறு. சலுகையை யாரும் துணிந்து ரத்து செய்ய மாட்டார்கள். அது செல்லுபடியாகும் வெள்ளை போர்டு வண்டியின் நடையைச் சத்தமில்லாமல் குறைத்தால் போதும். சலுகை அரசாணையில் இருக்கும், பஸ் ஸ்டாப்பில் இருக்காது. பெண்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

என் மகள் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறாள். போன வருடம் அங்கேயும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், பிறகு வந்துவிட்டது என்றாள். அவ்வளவு பணக்கார நாட்டில் இது எப்படி?
– வாசகி, கோவை

உங்கள் கடிதம் வந்த பிறகு தேடித் தேடிப் படித்தேன் அம்மா. ஊர்தான் வேறு, கதை நம் கதையாகவே இருக்கிறது.

அங்கே பஸ், டிராம், சப்வே, புறநகர் ரயில் எல்லாவற்றையும் நடத்துவது செப்டா என்ற பொதுத்துறைக் கழகம். 2025-ல் அதற்கு 21 கோடியே 30 லட்சம் டாலர் துண்டு விழுந்தது. மாநிலம் தர வேண்டும். பென்சில்வேனியாவின் கீழவை நிதி மசோதாவை நிறைவேற்றியது, மேலவை ஏற்கவில்லை, பட்ஜெட்டே இழுத்துக்கொண்டு கிடந்தது. ஆகஸ்ட் 24-ம் தேதி 32 பஸ் ரூட்டுகளை முழுதாக எடுத்தார்கள். மற்ற வண்டிகளையும் குறைத்தார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் திறப்பு! அந்த ஊரில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்த பஸ்ஸிலும் ரயிலிலும்தான் பள்ளிக்குப் போகிறார்கள். புதுப் புத்தகப் பையோடு ஸ்டாப்பில் நின்ற அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்கு மனசு கேட்கவில்லை.

மக்கள் சும்மா இருக்கவில்லை. நடைகளைக் குறைப்பதற்கு முன்பே பொது விசாரணைகளில் எழுந்து பேசினார்கள். குறைத்த பிறகு பயணிகள் தரப்பில் வழக்குப் போட்டார்கள். செப்டம்பர் 4-ம் தேதி நீதிமன்றம் குறைப்பை நிறுத்தச் சொன்னது. 14-ம் தேதி முதல் எல்லா வண்டியும் திரும்ப ஓடின. கட்டணம் மட்டும் இரண்டரை டாலரிலிருந்து 2.90 ஆக ஏறியே விட்டது.

பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? புது வண்டி வாங்கவும் பழுது பார்க்கவும் வைத்திருந்த மூலதன நிதியில் 39 கோடியே 40 லட்சம் டாலரை இரண்டு வருடச் செலவுக்கு எடுத்துக்கொள்ள மாநில அரசு அனுமதி கொடுத்தது. விதைநெல்லை அவித்துத் தின்பது என்பது இதுதான். அதே 2025-ல்தான், 1970-களில் கட்டிய அவர்களுடைய ரயில் பெட்டிகள் ஓட்டத்தில் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன.

விதைநெல்லைத் தின்றால் என்ன ஆகும் என்று நமக்கும் தெரியும். 2024 பிப்ரவரியில் சென்னையில் ஓடும் பஸ்ஸின் தரைப் பலகை உடைந்து ஒரு பெண் ஓட்டை வழியே கீழே விழுந்தார். ஏப்ரலில் திருச்சியில் ஒரு கண்டக்டர், உட்கார்ந்திருந்த சீட்டோடு வளைவில் வெளியே போய் விழுந்தார். பிழைத்துக்கொண்டார். நானும் அதே மாதிரி சீட்டில் உட்கார்ந்து, ஆடும் போல்ட்டைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தவன். பராமரிப்புக்குப் பணத்தைக் குறைத்தால் முதலில் கண்ணுக்குத் தெரிவது ஒன்றும் இருக்காது. போல்ட் மட்டும் தேய்ந்துகொண்டே வரும்.

எங்கள் ஊருக்கு ஐந்து நடை இருந்தது மூன்றாகிவிட்டது. இரண்டு முறை மனு கொடுத்தோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே பதில். வேறு என்னதான் செய்வது?
– முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர், புதுக்கோட்டை மாவட்டம்

தம்பி, உங்கள் மனுவின் நகலை இணைத்திருந்தீர்கள், படித்தேன். “பொதுமக்கள் பெரிதும் சிரமப்படுகிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். டைம் கீப்பர் மேசையில் அந்த வரி இருந்த மனுக்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதைப் படிக்கிற அதிகாரிக்கு மேலே எழுத ஒன்றும் கிடைக்காது. அவருக்கு எழுதத் தோதாகக் கொடுங்கள்.

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இதைக் கேளுங்கள்: எங்கள் தடத்துக்கு அனுமதிக்கப்பட்ட நடை எத்தனை, கடந்த ஆறு மாதத்தில் தினமும் இயக்கிய நடை எத்தனை, இயக்காத நாளில் எழுதிய காரணம் என்ன. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பல ஊர்களில் நடையை முறைப்படி ரத்தே செய்திருக்க மாட்டார்கள். ஆள் பற்றாக்குறை, ஸ்பேர் பஸ் இல்லை, பிரேக் டவுன் என்று தினம் ஒரு காரணம் எழுதி நாள் போயிருக்கும். தாளில் ஐந்து நடை ஓடிக்கொண்டேயிருக்கும். அது கைக்கு வந்துவிட்டால் உங்கள் மனுவின் வார்த்தையே மாறிவிடும். புது பஸ் கேட்க வேண்டியதில்லை, ஏற்கனவே கொடுத்ததை ஓட்டுங்கள் என்று கேட்கலாம்.

அடுத்து, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஸ்டாப்பில் உட்காருங்கள். நின்று போன நடையின் நேரத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எங்கே போகிறார்கள், கடைசியில் எதில் போனார்கள் என்று எழுதுங்கள். டயாலிசிஸ்க்குப் போகிறவர் எத்தனை பேர், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும் பிள்ளைகள் எத்தனை பேர், ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த காசு எவ்வளவு. வேலையை விட்டவர்கள் ஸ்டாப்புக்கு வர மாட்டார்கள், அவர்களை வீட்டில் போய்க் கேட்டு எழுதுங்கள். நான் முன்னே சொன்ன கட்டமில்லாத தாளில் ஏறாதவர்கள் அவர்கள்தான்.

இரண்டையும் சேர்த்து அடுத்த கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, எது முதலில் வருகிறதோ அதில். தீர்மான நகல் கிளை மேலாளருக்கு ஒன்று, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டருக்கு ஒன்று, எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று. எம்.எல்.ஏ.விடம் கொடுக்கும்போது மட்டும் இன்னொன்றும் சொல்லுங்கள். சட்டமன்றத்தில் போக்குவரத்து மானியக் கோரிக்கை வரும் நாளில், நம் ஊர் நடையோடு சேர்த்து, கழகத்துக்கு இந்த வருடம் எவ்வளவு கொடுக்கிறீர்கள், போன வருடத்தைவிடக் கூடவா குறைவா என்று கேட்கச் சொல்லுங்கள். ஏனென்றால் கிளை மேலாளரிடம் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. அவரோடு சண்டை போட்டால், பக்கத்து ஊரின் நடையைப் பிடுங்கி உங்களுக்குக் கொடுப்பார். பிறகு அந்த ஊர்க்காரர் எனக்குக் கடிதம் எழுதுவார்.

தகவல் சட்டப் பதில் முப்பது நாளில் வர வேண்டும். வந்ததும் நகல் எடுத்து அனுப்புங்கள். அதில் சுருக்கெழுத்தும் எண்களுமாக இருக்கும், வெளியாளுக்குப் புரியாது. வரிக்கு வரி எப்படிப் படிப்பது என்று எழுதித் தருகிறேன். டெல்டாவிலிருந்து எழுதிய அந்த ஜவுளிக்கடை அம்மாவும் அனுப்பட்டும். இரண்டையும் ஒரே இதழில் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்.